போய் வருதல்

கயிறுதான் என் வேலை.
டார்ட்மத் துறையில் படகு வந்து முட்டும்போது
இரும்புக் கட்டுத்தறியில் ஒரு சுருக்கு,
பன்னிரண்டு நிமிடம் கழித்து
ஹாலிஃபாக்ஸ் கரையில் இன்னொரு சுருக்கு.
பிப்ரவரியில் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும்.
கடைசிப் படகில் ஏறுபவர்கள் பேசமாட்டார்கள்.
ஒடீல் திபோதோ மட்டும்
ஆவி படிந்த சன்னலில் விரலால் வரைவாள்
அம்பு.

அம்பு என்றால் குறி வேண்டாமா என்றேன்.
வால் ஒரு புள்ளி, தலை ஒரு புள்ளி,
அவ்வளவுதான் என்றாள்.
மீன் ஆலையில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள்,
இரவில் கேட்டகரி தியரி படிக்கிறாள்.
புள்ளிக்குள் என்ன இருக்கிறது?
கேட்டவர் மர்டோ, எஞ்சின்காரர்,
எதையும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம்.
கழற்ற முடியாது, மர்டோ. திருகே கிடையாது.
ஹாலிஃபாக்ஸை அறிய உள்ளே நுழைய வேண்டாம்;
அங்கே வந்து சேரும் படகு, பாலம், பேருந்து,
திருட்டுத்தனமாக நீந்தும் கடல்நாய்வரைக்கும்
ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்,
எது எதோடு கோர்த்துக்கொள்கிறது என்பதையும்.
பிசகாமல் அதே பட்டியல் உள்ள ஊர் இன்னொன்று இருந்தால்
அது வேறு ஊரல்ல, வேறு பெயர்.
அதுதான் பொருளின்
பொருள்.

பொருளை விட்டுவிட்டுக் கோர்க்கத் தொடங்கினோம்.
வீட்டிலிருந்து துறைக்கு நடை,
துறையிலிருந்து அக்கரைக்குப் படகு,
அக்கரையிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்து.
ஒன்றின் தலையும் அடுத்ததன் வாலும்
ஒரே புள்ளியில் பொருந்தினால்தான் முடிச்சு விழும்.
நடையையும் படகையும் முதலில் முடிந்துவிட்டுப் பேருந்தைச் சேர்;
அல்லது படகையும் பேருந்தையும் முடிந்துவிட்டு
நடையை முன்னால் வை.
அடைப்புக்குறி எங்கே விழுந்தாலும் பயணம் ஒன்றே.
வரிசையை மட்டும் மாற்றாதே.
படகுக்கு முன்னால் பேருந்தைக் கோர்ப்பவன்
கடலில் விழுவான் என்றார் மர்டோ.

பாலம் வழியாகப் போனாலும் அங்கேதானே சேர்வோம்,
இரண்டும் சமமா என்றேன்.
சேருமிடம் ஒன்று என்பதற்காக அம்பு ஒன்றாகாது.
சமம் என்று யாராவது நிரூபிக்க வேண்டும்,
இல்லை, சமமாக வைத்துக்கொள்கிறோம் என்று
வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
அதுவரை அவை இரண்டு.
சன்னலில் நீர் வழிந்து பாலம் முதலில் அழிந்தது,
படகு பின்னால்.
நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம்
சும்மா.

சும்மா இருப்பதும் ஓர் அம்பு என்றாள்.
புறப்பட்ட புள்ளியிலேயே வளைந்து விழும் வளையம்.
என் கயிறு தறியைச் சுற்றுவதுபோலவே.
நடைக்கு முன்னால் அதைக் கோர்த்தால் நடைதான்,
பின்னால் கோர்த்தாலும் நடைதான்.
கூலி கிடைக்காத வேலை என்றேன்.
அது இல்லாவிட்டால்
போனதும் வந்ததும் ஈடாகிவிட்டதா என்று
எதோடு வைத்துப் பார்ப்பாய்?
அன்று புரியவில்லை.
புரிந்தது மார்ச்சில், ஒரு
வியாழன்.

வியாழன் மாலை நாலரைப் படகு.
மடியில் கம்பிக் கூண்டு,
கூண்டில் சாம்பல்நிற முயல், ஒரு காது மடங்கியது.
பெயர் பத்தொன்பது. ஏனென்று நான் கேட்டதில்லை.
அதற்கு மூச்சு வாங்கியது.
அக்கரையில் கால்நடை மருத்துவர்.

ஏழு மணிப் படகில் திரும்பினாள்.
அதே கூண்டு. அதே வைக்கோல்.
தண்ணீர்க் கிண்ணம் மட்டும் கவிழ்ந்திருந்தது.
மர்டோ மேலேறி வந்து
எதையும் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.
பயணச்சீட்டின்படி அவள் எங்கும் போகவில்லை:
புறப்பட்டது டார்ட்மத், சேர்வது டார்ட்மத்.
சன்னலில் இரண்டு புள்ளி வைத்தாள்.
போக ஓர் அம்பு, வர ஓர் அம்பு.
எதிரே அந்த வளையம்.
நடுவில் சமக்குறி.
வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு அதன் குறுக்கே
ஒரு கோடு.

கோடு வழியத் தொடங்குமுன் படகு கரையில் முட்டியது.
குனிந்து தறியைத் தேடினேன்.
வழக்கமான சுருக்கு.
கையில் ஈரமாய்
கயிறு.