பாயிண்ட் நாலு அஞ்சு

போன ஆடியில் மகேந்திரகிரி இறங்கி வந்த காற்று
எங்கள் மாடி ஆஸ்பெட்டாஸ் இரண்டைக் கழற்றி
மூன்றாம் வீட்டுக் கோழிக்கூட்டில் இறக்கிவைத்தது.
கோழிகளுக்கு ஒன்றுமில்லை.
கூட்டுக்காரி மரியபுஷ்பத்துக்குத்தான்
அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை.

பணகுடியில் கூரை போடுகிறவன்
வெயிலைக் கேட்க வேண்டாம், மழையைக் கேட்க வேண்டாம்.
மூன்று பேரை வரச்சொன்னேன்.
ஒருத்தன் தொகையைச் சொல்லிவிட்டு அளந்தான்.
ஒருத்தன் அளந்துவிட்டுப் போனான், போனவன்தான்.
ராயப்பன் மட்டும் ஏணியில் ஏறி,
காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று
பீடி அணைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.
அதற்காகவே கொடுத்தேன்.
சதுரஅடிக்கு நூற்றியெண்பது,
தகடு பாயிண்ட் நாலு அஞ்சு,
பணம் மூன்று தவணை.
கடை ரசீது ஒன்றின் முதுகில் எழுதிக் கையெழுத்து.

லீவு போட்டு ஏணியடியில் நின்றேன்.
ஒரிசாப் பையன் பிகாஷுக்கு என் பேச்சு எட்டாது,
எனக்கு அவன் பேச்சு எட்டாது.
ஸ்க்ரூவை மேட்டில் இறக்கு, பள்ளத்தில் இறக்காதே என்று
கைமுட்டியை மடக்கிக் காட்டினேன்.
ரப்பர் வாசரைப் பல்லில் கடித்தபடி தலையாட்டினான்,
இதைக்கூடவா சொல்லணும் என்கிற ஆட்டல்.

தகட்டின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுக்கையில்
கை நின்றுவிட்டது.
பதினெட்டு வருஷம் ரேஷன் கடையில் எடை போட்ட கை.
பன்னிரண்டடித் தகடு, முன்னால் நான் பின்னால் பிகாஷ்,
தெருவே பார்க்கக் கடைக்குக் கொண்டுபோனோம்.
பதினாலு கிலோவை ஒட்டி நிற்க வேண்டும்.
பத்தே முக்கால்.

ராயப்பன் தராசைப் பார்க்கவில்லை.
"எக்கா, எனக்கே கடையில இப்படித்தானே தந்தான்,
நான் என்ன இடையில சுரண்டவா செய்யுதேன்?"

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும்.
மாசாமாசம் கவுண்டர் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று,
அரிசி கொட்டின கையோடு,
மூட்டையே குறைச்சலாத்தான் வருது, நான் என்ன செய்ய என்று
சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருந்தேன்.
பொய்யுமில்லை.

"மாத்தும்" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

மூன்றாம் நாள் நாகர்கோவிலிலிருந்து புது லோடு.
மேலே கிடந்த ஒன்றை எடை போட்டேன்:
பதிமூன்றே முக்கால், சரி.
அடியில் இருபத்திரண்டு கிடந்தன.
மத்தியானமாகிவிட்டது, ஏற்றச் சொன்னேன்.
கடைசித் தவணையில் ஐயாயிரத்தை மட்டும்
ஆடி கழியட்டும் என்று நிறுத்திவைத்தேன்.
"காத்து உங்க சௌகரியத்துக்கா வரும்?" என்று சிரித்தார்.

வந்தது. பதினோரு நாள்.
படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.
கூரை நின்றது.
கிழக்கோரம் மட்டும் எதுவோ ஒன்று
டிக், டிக் என்று,
விட்டு விட்டு.

விடிந்து கடை திறந்தால் வரிசையில் முதல் ஆள் மரியபுஷ்பம்.
பையை வைத்தாள், கார்டை வைத்தாள்,
என்னைத் தாண்டித் தராசைப் பார்த்தாள்.
ஒரு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்:
"சைபர் வரட்டும்."

கையை எடுத்தேன்.
எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன.
பிறகு போட்டேன், பத்து கிலோ பத்தாகவே.
மூட்டை எங்கே போய் இடிக்கும் என்பது
மாசக் கடைசியில் தெரியும்.

ராயப்பனின் ஐயாயிரம்
இன்னும் உளுந்து டப்பாவில் இருக்கிறது.