வந்த காரணம்

பால்சிலம்பில் தார்ச்சாலை முடிவதற்குக் கொஞ்சம் முன்
ஷீட் போட்ட இரண்டு அறை எங்களுடையவை.
போர்டை அவர்தான் எழுதினார்:
தங்கும் அறை. வெந்நீர் உண்டு.
விடிகாலையில்
ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கும்
நான்தான் அந்த வெந்நீர்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
பெயர், ஊர், வண்டி எண், வந்த காரணம்.
சேலத்து ஆள் ஒருவர் ‘பனி’ என்று எழுதினார்.
ஓசூர்ப் பையன்கள் நால்வரில் முதல்வன் ‘சும்மா’,
மற்ற மூவரும் மேற்படி, மேற்படி, மேற்படி.
ஒருத்தி மட்டும் கடைசிக் கட்டத்தை நிரப்பவில்லை.
இரவெல்லாம் அவள் அறையில் விளக்கு எரிந்தது.
காலையில் இரண்டு தம்ளர் காபி குடித்தாள்.
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினேன்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்:
“இங்க பாக்க என்ன இருக்கு?”
வளைவுக்கு மேலே பாறை இருக்கு என்பேன்.
ராத்திரி அங்கிருந்து பார்த்தால் தருமபுரி
சாமை புடைத்த முறம் கைதவறினது போலக் கிடக்கும்.
காபி பூத்த வாரமென்றால் மணக்கும்.
பூக்காத வாரம் வந்தவரிடம்
“போன வாரம் வந்திருக்கலாம்” என்பேன்.
எந்த வாரமும் சொல்லலாம், அதை.

மாசியில் மிளகு பறிக்க ஏறியவர்
சில்வர் ஓக்கிலிருந்து விழுந்தார்.
இடுப்பு.
ஜீப்பில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும்
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
இருபதுக்கு மேல் நான் எண்ணவில்லை.

ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் இருக்கக் கூடாதாம்.
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ்.
பையன் நோட்டைத் தள்ளினான்.
அதே கோடு, அதே கட்டங்கள்.
பெயர், சின்னபாப்பா.
ஊர், வத்தல்மலை.
வண்டி எண்ணுக்கு ஒரு கோடு இழுத்தேன்.

“அட, மலையிலிருந்தா?
ஃபிரெண்ட்ஸோட வரணும்னு ரொம்ப நாளா பிளான்.
அங்க பாக்க என்னக்கா இருக்கு?”

எனக்கு மேலே யாரோ ‘கல்யாணம்’ என்று எழுதியிருந்தார்.
அதற்கும் மேலே ‘கேஸ் விஷயம்’.
கட்டத்தில் பேனாவை ஊன்றி எடுத்தேன்.
ஒரு புள்ளி விழுந்தது.

“வெந்நீர் உண்டா?”
“ஆறிலிருந்து ஏழு வரைக்கும்.”

ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.
குழாயொன்று அதில் ஒழுகிக்கொண்டிருந்தது.
மலை எந்தப் பக்கம் என்று
கீழே போய் அந்தப் பையனைத்தான் கேட்க வேண்டும்.