சைவ இலை எத்தனை

முதலாளி பேரனுக்குக் காதுகுத்து.
வீரனார் கோயிலில் மூன்று கிடா.
"சைவ இலை எத்தனைன்னு கேட்டு எழுதிடு" என்று
பழைய கொள்முதல் நோட்டு ஒன்றைத் தந்தார்கள்.
நீடாமங்கலம் அரிசி ஆலை, நாற்பத்தொரு பேர்.
கணக்குப்பிள்ளை வேலையில்
இதுவும் சேர்த்தி.

பாய்லரடியில் முதலில் அகப்பட்டவர் உத்திராபதி.
ஒரு பந்தயத்தில் விட்டாராம், பத்தொன்பது வருஷம் முன்னால்.
"ஒரு மாசம் தாங்கமாட்டேன்னான் மச்சான்."
மச்சான் செத்தே எட்டு வருஷம் ஆகிறது.
"இப்பத் தின்னா அவன் ஜெயிச்சதா ஆயிடுமில்ல?"
மூட்டைக்கு அரைக் கிலோ குறைந்தால்
லாரியையே திருப்பி அனுப்புகிற ஆள்.
எனக்கு ஆச்சரியமில்லை.

தவிடு சலிக்கும் தைலம்மை
காரணத்தைத் தேடித்தான் பார்த்தாள்,
முந்தானை முடிச்சில் சில்லறை தேடுவதுபோல.
"ஒருநாள் கை போகல சார்."
வேண்டுதலா? இல்லை.
வெள்ளம் வந்து கோழியெல்லாம் மிதந்த வருஷமா?
அதற்கும் முன்னால்.
பிள்ளைகளுக்கு இப்பவும் அவள்தான்
விராலைச் சாம்பலில் உரசிக் கழுவி
புளி கரைத்து, ருசி பார்க்காமலே
குழம்பு இறக்குகிறாள்.
உப்பு சரியாகத்தான் இருக்குமாம்.

எடைமேடை ஞானவேலிடம் நான் கேட்கவே இல்லை,
நாற்பது நிமிஷம் போய்விட்டது.
புரதம், மீத்தேன், கொழுப்பு,
ஒரு கிலோ கறிக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர்.
"ஒரு கிலோ அரிசிக்கு?" என்றேன்.
மேட்டூர் திறக்காத ஜூன் அது.
கைபேசியை எடுத்தவன்
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

ஃபோர்மேன் ராயப்பன் தவக்காலத்துக்காக விட்டவர்.
நாற்பது நாள் கணக்கு.
முப்பத்தேழாம் நாள் ஸ்டெல்லாம்மா போய்விட்டார்.
"ஈஸ்டர் சாப்பாட்டை அவதான் வைப்பா.
விரதத்த முடிச்சுவைக்க ஆள் இல்ல சார்."
ஆறு வருஷமாக அவருக்கு
அதே தவக்காலம்.

கூத்தாநல்லூர் அபுசாலி ஸ்டீயரிங்கிலிருந்து இறங்காமலே சிரித்தார்:
"நான் சைவமெல்லாம் இல்ல பாய்.
உங்க கிடாவுக்கு மட்டும்தான் சைவம்."

ஐந்து என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
மூட்டை தூக்கும் வைரக்கண்ணு
கொக்கியைத் தோளில் மாட்டியபடி வந்து நின்றான்.
"என்னையும் போட்டுக்கங்க."
கோரையாற்று நண்டைப் பற்றி
போன வாரம்தான், கண்ணை மூடிக்கொண்டு,
அரைமணி நேரம் சொன்னவன்.
"எப்பலேர்ந்து வைரம்?"
"பத்திரிகை வச்சாங்கல்ல, அப்பலேர்ந்து."
நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"கறிக்கு மூணு பந்தி. சைவத்துக்கு ஒண்ணுதானே சார்.
மண்டபத்துக்குள்ள, ஃபேனுக்குக் கீழ."

மூன்றாவது பந்தியில் யார் உட்காருவார்கள்,
எலும்பும் சாறும் மிஞ்சி வரும் அந்த வாளி
எந்த மரத்தடிக்குப் போகும் என்று
நோட்டில் எழுத வேண்டியதில்லை.
நான் எப்போதும் முதல் பந்தி.
ஆட்டு ஈரலில் மிளகு கொஞ்சம் தூக்கல் என்று
போன தடவை குறை சொன்னதும் நான்தான்.

சாயங்காலம் ஷிப்டு மாறுவதற்குள்
லோடு இறக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.
யாரும் யாரோடும் பேசிவைத்ததாகத் தெரியவில்லை.
அப்படித் தெரியாமல் வந்தார்கள்.
கடைசியில் வந்த சின்னப்பையன் செங்கதிர்
வாயில் கோழிப் பக்கோடாவோடு
"சைவம்" என்றான்.
எழுதிக்கொண்டேன்.

பத்தொன்பது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"என்னய்யா, ஆலையே சன்னியாசம் வாங்கிடுச்சா?"
"..."
"காரணம் கேட்டியா?"
"கேட்டேன்."
"என்னவாம்?"
வெளியே உமி காற்றில் சுழன்றுகொண்டிருந்தது.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
"கை போகலையாம் சார்."

காதுகுத்து இரண்டு கிடாயோடு முடிந்தது.
மூன்றாவது கிடா, அடுத்த வருஷத்துக்கு என்று,
ஆலைக் கொட்டகையில் நிற்கிறது.
தவிடு வைப்பது தைலம்மை.