ஜாலான் டூத்தாவில் ஒரு சொல்

மலாயில் இரண்டு சொற்கள் இருக்கின்றன.
கூலி பேசி எல்லை தாண்டவிடுவது ஒன்று,
ஆளையே விற்பது மற்றொன்று.
அதற்கு லாக்கப், இதற்குக் காப்பகம்.
என் கையில் இருப்பது ஒரே சொல்:
கடத்தல்.

"உங்களைக் கடத்தினார்களா?"
நிரோஜினி யோசிக்கிறாள்.
மாஜிஸ்திரேட்டின் பேனா நிற்கிறது.
"ஆர் கடத்தினது? நானே
காசு குடுத்துத்தானே வந்தனான்."

அப்படியே பெயர்த்தால் குற்றவாளி ஆகிவிடுவாள்.
கூட்டிச் சொல்ல எனக்கு உரிமையில்லை,
சத்தியம் செய்த வாய்.
அப்படியே பெயர்த்தேன்.

நல்லவேளை, வழக்கறிஞர் எழுந்தார்.
காசு கொடுத்த பிறகு?

பிறகு செலாயாங்கில் ரொட்டி ஆலை. பதினொரு மாதம்.
பூட்டு வெளிப்பக்கம்.
ஐ.நா. அட்டை முதலாளியின் மேசை அறைக்குள்.
சம்பளத்தில் பிடிக்கப் பிடிக்க
மாவைப்போல் பொங்கிய கடன்.
"ஈஸ்ட் மணம் இப்பவும் தலைமயிருக்குள்ள நிக்குது."
அதையும் பெயர்த்தேன்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இருபத்தொரு நாள் இடைக்காலப் பாதுகாப்பு.
அங்கேயும் கதவு உண்டு,
சாவி அவளிடம் இல்லை.
"அதுக்குப் பிறகு, அக்கா?"

சாட்சி என்று அவளைக் கூப்பிடுகிற சட்டத்திற்கு
அகதி என்று கூப்பிடத் தெரியாது.
சாட்சி சொல்லி முடிந்தபின்
வரக்கூடியதற்கும் தமிழில்
அதே சொல்தான், முன்னால் நாடு சேர்த்து.

வேன் வரும்வரை நடைபாதையில் நின்றோம்.
பேனா இரவல் கேட்டாள்,
உள்ளங்கையில் என் எண்ணை எழுதிக்கொள்ள.
கொடுக்கக் கூடாது என்று விதி.
கொடுத்தேன்.