இருநூற்றுப் பதினான்கு

தேமா துறைமுகத்துக்குப் பின்னால்
மீன் லாரிகள் திரும்பத் திணறும் முடுக்கில்
என் குளிர்கிடங்கு.
கானாங்கெளுத்தி, மத்தி, சங்கரா,
கப்பலில் வரும் கோழிக்கால்.
பத்தொன்பது பேருக்குச் சம்பளம்.
இருபதாவது ஆள் டீசல்.
தின்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

ஜூன் பிறந்தால்
கல்லூரிக் கடிதத்தோடு பிள்ளைகள் வருவார்கள்.
எட்டு வாரப் பயிற்சி,
முடிவில் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை.
ஒரு வருடம் குவாப்லா வந்தான்.
காலையில் நகல் எடுப்பான்.
பதினொரு மணிக்குச் சாலையைக் கடந்துபோய்
எல்லோருக்கும் வாக்யே வாங்கி வருவான்.
முட்டை யாருக்கு, மீன் யாருக்கு,
மிளகாய்க் குழம்பு தனியாக யாருக்கு,
எல்லாம் துண்டுச் சீட்டில் இருக்கும்.
எட்டு வாரத்தில் ஒரு பொட்டலமும் மாறவில்லை.
மாறவில்லை என்பதை அப்போது
யார் கவனித்தது?

ஆறு வருடம் கழித்து அக்ராவில்,
ஒரு ஹோட்டல் குழுமத்தின் கொள்முதல் அறையில்
மேசைக்கு அந்தப் பக்கம் அவன்.
என் விலைப்பட்டியலைப் புரட்டினான்.
தண்ணீர் கொடுக்கச் சொன்னான்.
மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.
"உங்கள் கிடங்கு நன்றாகக் குளிருமா, மேடம்?
நான் உள்ளே போனதே இல்லை."

அந்த ஒப்பந்தத்தின் தொகையை
இங்கே எழுத மாட்டேன்.
என் கணக்காளர் எடெம் இதைப் படிக்கக்கூடும்.

அடுத்த ஜூனில் செடினாம்.
ஹோ நகரத்துப் பெண், குளிர்பதனப் படிப்பு.
பழக்கத்தில் யாரோ அவளை
நகல் இயந்திரத்துக்கு அழைத்துப் போனார்கள்.
நான் போய்க் கூட்டிவந்தேன்.
"டீசல் எங்கே போகிறதென்று
எனக்குத் தெரியவில்லை.
நிஜமாகவே தெரியவில்லை. பார்த்துச் சொல்."
இருந்த ஒரே கம்பளிக் கோட்டைக் கொடுத்தேன்.
அதற்குள் இன்னொரு செடினாம் நிற்கலாம்.

முதல் வாரம் வெப்பமானி ஒன்றை உடைத்தாள்.
இரண்டாம் வாரம் நாற்காலி போட்டுக்
கதவருகே உட்கார்ந்துவிட்டாள்.
"பஸ் காசும் படியும் கொடுத்துக்
கதவைப் பார்க்க ஒரு ஆளா?" என்றான்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முமுனி.
எனக்கும் அதே கேள்விதான்.
வெள்ளிக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஓர் எண் கொண்டுவந்தாள்.
இருநூற்றுப் பதினான்கு.
ஒரே பகலில் கதவு திறந்த தடவைகள்.
"அதில் முப்பத்தொன்று நீங்கள், மேடம்.
போன் பேசிக்கொண்டே."

பெரிய யோசனை ஒன்றுமில்லை.
கதவுக்குப் பிளாஸ்டிக் திரை.
ஒரு பெட்டி, இரண்டு பெட்டி கேட்டு வருபவர்களுக்கு
விடியற்காலையிலேயே முன்னறையில் சரக்கு.
சந்தைப் பெண்கள் ஒரு வாரம்
என்னையும் என் பரம்பரையையும் வைதார்கள்.
பிறகு, மீன் அஷைமான் போய்ச் சேரும் வரை
கல்லாக இருக்கிறதென்று கண்டு
வசவைப் பாதியாகக் குறைத்தார்கள்.

செப்டம்பரில் டீசல்காரர் போன் செய்தார்.
குரலில் ஒரு மனத்தாங்கல்.
"வேறு யாரிடமாவது வாங்குகிறீர்களா?"

படிப்பு முடிந்ததும் வேலைக்கு வா என்றேன்.
தகோராடியில் ஒரு சூரைமீன் ஆலை
எனக்குக் கட்டுப்படியாகாத சம்பளம் சொன்னது.
போய்விட்டாள்.
"நாம் பழக்க, அவர்கள் அனுபவிக்க" என்றார் எடெம்,
பயிற்சிச் செலவு என்ற வரியின் கீழ்
கோடு போட்டபடி.
கோடு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.

பதினோரு மாதம் கழித்து
தகோராடியிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
தேமாவில் நாற்பது டன்னுக்கு இடம் வேண்டுமாம்,
வருடம் முழுக்க.
மற்ற கிடங்குகளை அவர்கள் விசாரிக்கவில்லை.
விலையைக்கூடக் கடைசியில்தான் கேட்டிருந்தார்கள்.
முதல் கேள்வி அவளுடையது:
இப்போது ஒரு நாளைக்கு எத்தனை முறை?

எடெமிடம் காட்டவில்லை, உடனே.
போனை மேசையில் வைத்துவிட்டு
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
கதவுப் பக்கம் போனேன்.