நாற்பத்தொரு எண்கள்

முதல் நாள் அது எழுந்து நின்றது,
சீம்பால் குடித்தது, மடியை முட்டி முட்டிக் கேட்டது.
இரண்டாம் நாள் கொஞ்சம் மந்தம்.
குளிர்தான் என்றார் டார்சி.
ஆகஸ்ட் உறைபனி
வேலிக்கம்பியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
மூன்றாம் நாள் விடியலில்
தலை முதுகுப்பக்கம் வளைந்து, கால்கள் விறைத்து,
திறந்த கண்களால் எதையும் பாராமல்
கிடந்தது கன்று.

நான் போய்ச் சேர்ந்தபோது
பின்னங்கால் நனைந்திருந்தது. குனிந்தேன்.
பாகு பதம் தப்பி அடிப்பிடித்த வாசனை.
டார்சியும் முகர்ந்தார், ஒன்றுமில்லை என்றார்;
சாணத்துக்கும் டீசலுக்கும் பழகிய மூக்கு.
கொட்டகை வாசலில் நின்ற நோரீன்தான்
"யார் இங்கே சர்க்கரையைத் தீய்த்தது?" என்றாள்.

ஆய்வகத்தில்
மூளையை மெல்லிய ஏடுகளாய்ச் சீவி
கண்ணாடியில் ஏற்றினோம்.
வெண்பகுதியெங்கும் ஓட்டை,
பாலில் ஊறிய ரொட்டியைப் பிட்டது போல.
இரத்தத்தில் லூசின்
கருவி அளக்கும் எல்லையைத் தாண்டியிருந்தது.
விஷச்செடி இல்லை, பாம்பு இல்லை, கிருமி இல்லை.
பாலில் உள்ள புரதத்தை
உடைத்துத் தீர்க்கும் ஒரு நொதி
இந்தக் கன்றுக்கு வாய்க்கவில்லை.
வயிற்றில் இருந்தவரை
தாய் அதற்கும் சேர்த்து உடைத்தாள்.
தொப்புள்கொடி அறுந்த பிறகு
உள்ளே போன ஒவ்வொரு மிடறும்

என்று டார்சியிடம் சொல்லிக்கொண்டே வந்தவள்
அந்த இடத்தில் நிறுத்தினேன்.
நோரீன் அதை மடியில் கிடத்தி
இரவு முழுக்கப் புட்டியில் பால் புகட்டியிருந்தாள்.

பிறகு வால்மயிர்.
ஒரு மாட்டுக்கு இருபது, வேரோடு பிடுங்கி
உறையில் போட்டு எண் எழுத வேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு மாடுகள். நான்கு நாள்.
கடைசியாக ப்ரிகேடியர்:
சிவந்த உடம்பு, வெள்ளை முகம்,
மூன்று கண்காட்சிகளின் நீலப்பட்டை.
அவனுக்கு எந்த நோயும் இல்லை.
இரண்டில் ஒரு படி பிழை, ஒரு படி சரி;
சரியாய் இருந்த ஒன்று அவனுக்குப் போதுமாயிருந்தது.
மயிர் பிடுங்கியதும் திரும்பி
என் சட்டைக் கையை நக்கினான்.

சுமப்பவனும் சுமப்பவளும் சேர்ந்தால்
நான்கில் ஒன்று, அதுதான் கணக்கு.
"நான்கில் ஒன்றா" என்றார் டார்சி,
"கொட்டகையில் கிடந்தது முழுசாய் ஒன்று."

அவன் விந்துக் குச்சிகள்
நாற்பத்தொரு பண்ணைகளுக்குப் போயிருந்தன.
பட்டியலை நோரீன் தட்டச்சு செய்தாள்.
கடிதம் போடலாம் என்றேன்.
வேண்டாம், விற்றவன் குரலில்தான் கேட்க வேண்டும்
என்று போனைச் சமையல் மேசையில் வைத்தார்,
காது மந்தம், ஒலிபெருக்கியில்.

முதல் ஆள் சிரித்தான்.
ஐந்தாவது ஆள் பணம் கேட்டான், தருகிறேன் என்றார்.
ஒன்பதாவது வீட்டில் ஒரு சிறுவன் எடுத்து
அப்பா டிராக்டரில் இருக்கிறார் என்றான்.
மழை பெய்ததா அங்கே, என்று
இடையிடையே கேட்டுக்கொண்டார்கள்.

பதினேழாவது, வில்மா கார்ஸ்டென்ஸ்.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"எங்களுக்கு நாலு, டார்சி.
களைச்செடி தின்ற தாய்களின் குறை என்று
குளத்துக்கு அப்பால் புதைத்தோம்."
ஏன் என்னிடம் சொல்லவில்லை நீ?
"நீ ஏன் சொல்லவில்லை எங்களிடம்?"

கெட்டில் கொதித்து அணைந்தது.
யாரும் எழவில்லை.

மாதிரியோடு அவர் அனுப்பிய படிவம்
என் கோப்பில் மேலேயே இருந்தது.
'முந்தைய இழப்புகள்' என்ற கட்டத்தில்
தெளிவான கையெழுத்தில், இல்லை.
அதை எடுத்து மேசையில் வைத்து
பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.
நோரீன் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

இல்லை என்பதை ஒரு கோட்டால் அடித்தார்.
ஆறு என்று எழுதினார்.
கொஞ்சம் யோசித்து
ஆறை ஏழாக்கினார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
பதினெட்டாவது எண்ணை
ஒவ்வொரு இலக்கமாய் வாய்விட்டுச் சொல்லி
அழுத்தத் தொடங்கினார்.