மேல்கணக்கு

இரவு ஒன்பதரை. பொகவந்தலாவையில் மழை.
ஸ்டோர் மேல்தட்டில் கொழுந்து வாடுகிறது.
அறிக்கை இன்னும் வரவில்லை.

கேட்டது சின்னக் கேள்வி:
மேல்கணக்கில் இந்த வருசம்
அரைப்பேர் விழுந்த நாட்கள் எவை, யாருக்கு?
பதினோரு நிமிடமாக
திரையில் வட்டம் சுற்றுகிறது.

தரவுத்தளத்துக்குள் ஒருவன் இருக்கிறான்,
கேள்வியைத் தொடுமுன்
விடை எவ்வளவு பெரிதென்று ஊகிப்பவன்.
கணக்கப்பிள்ளை என்று பேர் வைத்திருக்கிறேன்.
மலை ஏறமாட்டான்.
ஆறு லட்சத்து நாற்பதாயிரம் நிரைகளில்
முப்பதாயிரத்தைக் கிள்ளிப் பார்த்துக்
குறித்துக்கொண்டான்:
பத்தில் ஒன்று மேல்கணக்கு.
பதினாறில் ஒன்று அரைப்பேர்.
பெருக்கினான்.
நாலாயிரம் என்றான்.

நாலாயிரம்தானே என்று
ஒவ்வொரு நிரைக்கும் எழுந்துபோய்
ஆள் பதிவேட்டைத் திறந்து, பேரைப் பார்த்து,
மூடி, வந்து உட்கார்ந்து,
மறுபடி எழுந்து…

இருந்ததோ முப்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு.

பொய் சொல்லவில்லை அவன்.
இரண்டு நிரல்களும்
ஒன்றையொன்று அறியாதவை என்று நம்பினான்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
இந்த மலையில் இரண்டு பானை.

மேல்கணக்கில் எல்லாம் பழைய விதைத்தேயிலை.
செத்த தூருக்குப் பக்கத்தில் சாகப்போகிற தூர்.
அந்தச் சரிவில் நிரை பிடித்து
பதினாறு கிலோவோடு இறங்கினால்
பதினெட்டுக்கு இரண்டு குறைவு.
அரைப்பேர்.

ஒரே வரி எழுதினேன்:
இந்த இரண்டையும் சேர்த்துப் பார்.
மறுபடி கிள்ளச் சொன்னேன்.
முப்பதாயிரத்து எண்ணூறு என்றான்.
பரவாயில்லை.
இம்முறை எழுந்து நடக்கவில்லை,
பதிவேட்டை ஒரே தடவை மேசையில் விரித்துக்கொண்டான்.
நாலு விநாடி.

கொழும்பிலிருந்து டெரன்ஸ் அழைத்தார்.
“சூப்பர் வேகம். என்ன செய்தீங்க?”
“ரெண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன் சேர்.”
“எந்த ரெண்டை?”
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது,
இந்தப் பக்கத்து மழை.
“அதை அறிக்கையில போட வேணாம்.”

அச்சுக்குக் கொடுத்தேன்.
முதல் நிரை:
318, வே. மனோரஞ்சிதம், மேல்கணக்கு,
16 கிலோ, பேர் 0.5
இரண்டாம் நிரை:
318, வே. மனோரஞ்சிதம், மேல்கணக்கு,
15 கிலோ

ஒரு கட்டுத் தாள் போதுமென்று
நானும் ஊகித்திருந்தேன்.
போதவில்லை.